உடனிருப்பவர்

அந்தத் தெருவில் துணி தேய்த்துக் கொடுப்பவளை எல்லோரும் இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி வந்து போய்க்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைக் கையில் எடுத்தால் வரும். வந்தால், பெட்டியை எங்கே வைக்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டை முதுகில் பெட்டி அளவுக்குப் பழுப்பு முத்திரை விழுந்து, அவர் வாசலில் நின்று சட்டம் பேசிவிட்டுப் போன பிறகுதான் புருஷனிடம் சொன்னாள்.

புருஷன் ஒரு அலுவலகக் கட்டடத்தில் ராத்திரி வாட்ச்மேன். ராத்திரியில் முழித்திருப்பதற்குச் சம்பளம். பகலில் தூங்கலாம் என்றால் தண்ணீர் பிடிப்பது, தேய்த்த துணியை வீடு வீடாகக் கொடுப்பது என்று ஏதாவது ஒன்று எழுப்பிவிடும். தூக்கம் என்பது மற்றவர்களுக்கு வருகிற ஒன்று என்கிற முடிவுக்கு அவர் எப்போதோ வந்துவிட்டார்.

இருவரும் தெருமுனை டாக்டரிடம் போனார்கள். அவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு, "பித்தப்பை பூரா கல்லும்மா. சீக்கிரம் எடுத்துடணும். தள்ளிப்போட்டா விபரீதமாயிடும்" என்றார். பிறகு, "காப்பீட்டு அட்டை இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன கவலை?" என்றார் டாக்டர். அவர் கவலை தீர்ந்தது.

அட்டை புதியது. முன்பு வீட்டில் ஆளுக்கொரு அட்டை இருந்தது. மக்கள் தனித்தனியாக நோயில் விழுந்து, தனித்தனியாக அட்டையை நீட்டி, அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் கணக்கைச் சிக்கலாக்கினார்கள். இதைச் சீர்செய்ய ஒரு குழு போடப்பட்டது. குழு பல நகரங்களில் நல்ல விடுதிகளாகப் பார்த்துத் தங்கி ஆராய்ந்தது. கடைசியில், சிக்கலுக்குக் காரணம் நோய் அல்ல, நோயாளிகள்தான் என்று கண்டுபிடித்தது. 'ஒரு குடும்பம், ஒரு அட்டை, ஒரு நோயாளி' என்ற சீர்திருத்தம் அப்படித்தான் பிறந்தது. புது அட்டையின் முன்பக்கம் வாட்ச்மேனின் படம், கீழே 'குடும்பத் தலைவர்'. பின்பக்கம் பொடி எழுத்தில் 'உடனிருப்போர்' என்று போட்டு அவள் பெயரும் இரண்டு பிள்ளைகளின் பெயரும் இருந்தன. வாங்கின அன்று அவள் அதைத் துடைத்து அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தாள்.

பிள்ளைகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். திட்டத்துக்கென்று அங்கே தனியாக ஒரு கண்ணாடி அறை. உள்ளே கழுத்தில் அடையாள அட்டையும் முகத்தில் புன்னகையும் தொங்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். பயனாளி நல ஒருங்கிணைப்பாளர் என்று கதவில் எழுதியிருந்தது.

"யாரு நோயாளி?" என்றார்.

"நான்தான் சார்."

அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "நீங்க உடனிருப்பவர்மா. நோயாளி இவரு."

"இல்ல சார், கல்லு எனக்குத்தான். இதோ ஸ்கேன்ல இருக்கு."

"கல்லு உங்க குடும்பத்துல இருக்குல்ல, அதுதான் முக்கியம். அது யார்கிட்ட இருக்குங்கிறதெல்லாம் உங்க வீட்டு விஷயம். திட்டம் அதுல தலையிடாது."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "வலி எனக்கு சார். வைத்தியத்தை இவருக்குப் பார்த்தா எப்படிச் சரியாகும்?"

ஒருங்கிணைப்பாளர் கோபிக்கவில்லை. இந்தக் கேள்விக்கு அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். "தலைவலி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"மாத்திரை போட்டுக்குவேன்."

"எங்க போடுவீங்க?"

"வாயில."

"வலி எங்க இருக்கு?"

"தலையில."

"பாத்தீங்களா," என்று நாற்காலியில் சாய்ந்தார். "வலி ஒரு எடத்துல இருக்கும், வைத்தியம் இன்னொரு எடத்துல நடக்கும். மருத்துவமே அதுதாம்மா."

புருஷன் ஏதாவது சொல்வாரா என்று அவள் திரும்பிப் பார்த்தாள். கழுத்தில் அடையாள அட்டை போட்டவர்களுக்குக் கதவு திறந்துவிட்டே பழகின மனிதர் அவர். "சார் சொல்றதும் சரியாத்தான் இருக்கு" என்றார்.

அரை மணியில் வாட்ச்மேனுக்குப் பச்சை உடுப்பு மாட்டி, மணிக்கட்டில் பட்டை கட்டி, ஜன்னலோரமாக ஒரு கட்டிலைக் கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு முதுகு சாய்க்க இடமில்லாத ஒரு ஸ்டூல். 'உடனிருப்பவர்' என்று அச்சடித்த அட்டையை அவள் கழுத்தில் மாட்டிக்கொண்டே வார்டு சிஸ்டர் விதிகளைச் சொன்னாள். உடனிருப்பவர் கட்டிலில் உட்காரக் கூடாது. தரையில் படுக்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. நோய்வாய்ப்படக் கூடாது.

"எனக்கு ஏற்கனவே உடம்பு சரியில்லையே சிஸ்டர்."

"அது வெளியில வந்தது. அதைப் பத்தி ஒண்ணும் இல்ல. உள்ள வந்தப்புறம் புதுசா வரக் கூடாது, அவ்வளவுதான்."

வாட்ச்மேன் கட்டிலின் ஓரத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். "சும்மா எப்படி இருக்குன்னு பாக்குறேன்" என்று காலை நீட்டினார். மெத்தை அவரை உள்ளே வாங்கிக்கொண்டது. மேலே மின்விசிறி சுற்றியது. யாரும் தண்ணீர் வருகிறது என்று கத்தவில்லை. அவர் வாய் லேசாகப் பிளந்தது, கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படித் தூங்கி அவள் பார்த்ததில்லை. எரிச்சல்படலாம் என்று நினைத்தாள். அதற்கும் மனசு வரவில்லை. தொங்கின கையை எடுத்து அவர் நெஞ்சின்மேல் வைத்தாள்.

அப்போது வலி வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அந்தப் பக்கம் போன சிஸ்டர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "அழாதீங்கம்மா. அவருக்குச் சரியாயிடும்."

மறுநாள் காலை அறுவைச் சிகிச்சை செய்கிற டாக்டரம்மா வந்தார். தலைமுடியைப் பாதி கட்டி மீதியை மறந்துவிட்டவர். வாட்ச்மேனின் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"இங்க?"

"கூச்சமா இருக்குங்க."

டாக்டரம்மா ஸ்கேன் காகிதத்தைப் படித்தார். மறுபடி படித்தார். "கர்ப்பப்பை நல்ல நிலையில இருக்குன்னு போட்டிருக்காங்களே. உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கா?"

வாட்ச்மேன் மனைவியைப் பார்த்தார். "தெரியலீங்க டாக்டர். அவளைத்தான் கேக்கணும்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா ஸ்டூலுக்கு வந்து அவள் விலாவில் கையை வைத்ததுமே அவள் துள்ளிவிட்டாள். இமையை இழுத்துக் கண்ணின் வெள்ளையைப் பார்த்தார். முகம் மாறியது. வாட்ச்மேனை உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். அவருடைய பித்தப்பை புதுப் பை மாதிரி இருந்தது. டாக்டரம்மா ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டு இரண்டு படங்களையும் முன்னால் வைத்தார்.

"இவருக்குக் கல்லே இல்ல."

"கல்லு இல்லைங்கிறது உங்க கருத்து டாக்டர்," என்றார் ஒருங்கிணைப்பாளர் மரியாதையாக. "அனுமதி வந்திருக்குங்கிறது உண்மை."

"அந்த அனுமதியை இந்தம்மா பேருக்கு மாத்துங்க. நான் இன்னிக்கே பண்றேன்."

"அட்டையில இவங்களுக்கு உடனிருக்க மட்டும்தான் அனுமதி. ஆபரேஷன் பண்ணினா உடனிருக்கிறது யாரு?"

"இவரு இருக்கட்டும்."

"நோயாளி எப்படி டாக்டர் உடனிருப்பாரு?"

டாக்டரம்மா இரண்டு படங்களையும் உறைக்குள் போட்டார். பிறகு அவளிடம் திரும்பி, "தியேட்டர் சாவி இப்பல்லாம் திட்டத்துகிட்ட இருக்கும்மா. கத்தி மட்டும்தான் எங்ககிட்ட" என்றார்.

"அப்ப எங்களை விட்டுடுங்க சார், வீட்டுக்குப் போயிடுறோம்" என்றாள் அவள்.

"தாராளமாப் போகலாம்," என்றார் ஒருங்கிணைப்பாளர். "ஆபரேஷன் முடிஞ்சதும். வியாழக்கிழமை போட்டிருக்கு. அனுமதி வாங்கின ஆபரேஷனைப் பண்ணாம விட்டா, அரசாங்கம் கொடுத்ததை வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆயிடும். நாங்க யாரையும் அந்த அவமானத்துக்கு ஆளாக்கறதில்ல."

அவர் போன பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் பையை எடுத்தாள், அவர் செருப்பை மாட்டினார். வார்டு வாசலில் ஒரு காவலாளி கையைக் குறுக்கே நீட்டினான்.

"டிஸ்சார்ஜ் சீட்டு?"

"இல்ல தம்பி. இவருக்கு ஒண்ணுமில்ல. வேணும்னா டாக்டரம்மாவைக் கேட்டுப்பாரு."

"ஒண்ணுமில்லைன்னா ஏன் பச்சைச் சட்டை போட்டிருக்காரு?"

வாட்ச்மேன் அவள் தோளைத் தொட்டார். "வா, போகலாம். அவன் செய்யறது சரிதான். நானா இருந்தாலும் விடமாட்டேன்." சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உடனிருப்பவர் வெளியே போகத் தடையில்லை. அவள் மட்டும் சாலையைத் தாண்டி எதிர்த்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கேயும் அதே திட்டம், அதே கண்ணாடி அறை. அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்த பெண் தலையை ஆட்டினாள். "உங்க குடும்பத்து நோயாளி எதிர்ல படுத்திருக்காரே. அவரு எழுந்திரிக்கிற வரைக்கும் உங்க வீட்ல யாருக்கும் எதுவும் வராதும்மா."

"வந்துடுச்சே."

"வராது," என்றாள் அந்தப் பெண் திரையைப் பார்த்தபடி.

திரும்பி வந்தபோது வாட்ச்மேனின் கட்டிலில் 'உணவு கொடுக்கக் கூடாது' என்று பலகை தொங்கியது. ஆபரேஷனுக்குத் தயார் செய்கிறார்களாம். அவர் சோர்ந்து கிடந்தார். "எனக்கும் இந்த எடத்துல லேசாப் பிடிக்கிற மாதிரி இருக்கு. கல்லா இருக்குமோ?"

"அது பசி" என்றாள்.

திருத்தப் பிரிவு என்று ஒன்று மேல்மாடியில் இருப்பதாக சிஸ்டர் சொன்னாள். அவள் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினாள். அங்கே ஒரு குமாஸ்தா பழைய மேஜைக்குப் பின்னால் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். கதையை முழுக்கக் கேட்டார். அவள் கதையை முழுக்கக் கேட்ட முதல் அதிகாரி அவர்தான்.

"தப்பு நடந்திருக்கு," என்றார்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆமா சார். அதைத்தான் சார் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"திருத்தணும்னா குடும்பத் தலைவர் நேர்ல வரணும்."

"அவரை வார்டை விட்டு விடமாட்டேங்கிறாங்க சார்."

"நோயாளியை எப்படி விடுவாங்க?" ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "அப்ப தலைவரையே மாத்தணும். அதுக்கு மூணு வழிதான் இருக்கு. இப்ப இருக்கிற தலைவர் இறந்திருக்கணும், இல்ல காணாமப் போயிருக்கணும், இல்ல சுயநினைவு இல்லாம இருக்கணும். உங்களுக்கு எது வசதி?"

அவள் யோசித்தாள். "காணாமப் போறது எப்படி சார்?"

"ஏழு வருஷம் காத்திருக்கணும். நடுவுல யார் கண்ணுலயாவது பட்டுட்டா மறுபடி மொதல்லேர்ந்து."

"சுயநினைவு இல்லைன்னா?"

"அது உடனே ஆயிடும். டாக்டர் சொல்லணும், திட்ட இயக்குநர் தன் கண்ணால பார்த்துக் கையெழுத்துப் போடணும். ஆனா அவரு எங்க வார்டுக்கெல்லாம் வர்றாரு?"

மிச்சமிருந்த வழியை அவள் கேட்கவில்லை. குமாஸ்தா தானாகவே சொன்னார். "இறந்தா ரெண்டே நாள். அதுல நாங்க ரொம்ப வேகம்."

கீழே வந்து கட்டிலருகே குனிந்து எல்லாவற்றையும் புருஷனிடம் சொன்னாள். அடுத்த கட்டிலில் யாருக்கோ கட்டுப் பிரித்துக்கொண்டிருந்த டாக்டரம்மா திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் தன் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"பேசாம எடுத்துக்கட்டும்," என்றார். "அந்தப் பையால எனக்கு என்ன பிரயோஜனம்? அப்படி ஒண்ணு இருக்கிறதே இப்பத்தான் தெரியும்."

"உங்க பையை எடுத்தா என் கல்லு போயிடுமா?"

"போகாது. ஆனா கதவைத் திறந்துவிடுவாங்கல்ல. வெளியில போய் கடனை உடனை வாங்கி உனக்குப் பார்த்துக்கலாம்."

அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்றுமில்லாத வயிற்றைக் கிழிக்கக் கொடுக்கிறேன் என்கிற மனிதரிடம் என்ன சொல்வது? அதையும் அவர், இஸ்திரிக் கடையில் ஒரு பட்டன் வைத்துக் கொடு என்கிற குரலில் அல்லவா சொன்னார்.

வியாழக்கிழமை விடிந்தபோது அவளுக்குக் காய்ச்சல். கண் மஞ்சளாகியிருந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இன்னிக்கு எடுத்தாகணும். நாளைக்குன்னா நான் பொறுப்பில்ல" என்று ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னார். ஒருங்கிணைப்பாளரும், "இன்னிக்கு எடுக்கத்தானே டாக்டர் போறோம்" என்றார். இருவரும் வேறுவேறு வயிறுகளைச் சொல்கிறார்கள் என்பது அவளுக்கு மட்டுமே உறைத்தது.

அன்று ஆஸ்பத்திரி முழுக்கப் பினாயில் வாடை. சீர்திருத்தம் வந்து ஒரு வருஷம் நிறைந்ததைக் கொண்டாட, திட்ட இயக்குநரே படப்பிடிப்பு ஆட்களோடு வருகிறாராம். ஒரு பயனாளி ஆபரேஷனுக்குள் போவதைப் படம் எடுக்க வேண்டும். வாட்ச்மேனைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, தலையில் பச்சைக் குல்லா போட்டு, தியேட்டர் கதவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவள் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பிடிக்காவிட்டால் நிற்க முடியாது என்கிற நிலை. வாட்ச்மேனின் உதடு உலர்ந்திருந்தது. விளக்குகளையும் டாக்டரம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

இயக்குநர் வந்தார். கூட இருபது பேர். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார்.

"நண்பர்களே, முன்னெல்லாம் ஒரு வீட்ல நாலு பேர் இருந்தா நாலு பேரும் நோயாளி ஆகலாம்னு இருந்துச்சு. எவ்வளவு பெரிய ஆபத்து பாருங்க. நாங்க வீட்டுக்கு ஒருத்தர்னு ஆக்கினோம். அன்னிக்கே நோயாளிங்க நாலுல ஒரு பங்காக் குறைஞ்சுட்டாங்க. இதுக்கு ஒரு மாத்திரைகூடச் செலவாகல. எந்த மருந்து கம்பெனியாவது இதைச் சாதிச்சிருக்கா?"

கை தட்டினார்கள்.

"சில பேர் கேக்குறாங்க, வீட்ல மத்தவங்களுக்கு நோய் வந்தா என்ன பண்றதுன்னு. நான் அவங்களைத் திருப்பிக் கேக்குறேன். ஏன் வரணும்? ஒருத்தர் படுத்திருக்கும்போது இன்னொருத்தர் படுக்கிறது குடும்பத்துக்கு அழகா? நான் பதவிக்கு வந்ததுலேர்ந்து எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்ல. என் குடும்பத்துக்கு வெளிநாட்டுல வேற அட்டை இருக்கு, அது வேற விஷயம். உடனிருப்பவங்களுக்கு என் அன்பான வேண்டுகோள். நீங்க ஆரோக்கியமா இருங்க. இந்த வருஷம் இது வேண்டுகோள். அடுத்த வருஷத்துலேர்ந்து விதி."

இந்த இடத்தில் அவளுடைய கால் மடங்கியது. கம்பி கையிலிருந்து நழுவ, தள்ளுவண்டியின் சக்கரத்தருகே சரிந்து உட்கார்ந்தாள். "தரையில உட்காரக் கூடாதும்மா" என்று சிஸ்டர் கிசுகிசுத்தாள். படம் எடுப்பவர் அவள் தெரியாதபடி கேமராவை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினார்.

இயக்குநர் வண்டியை நெருங்கினார். "இவர்தான் நம்ம பயனாளியா? ஐயா, திட்டத்தைப் பத்தி உங்க வாயால ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

வாட்ச்மேன் பேசவில்லை. கண் மூடியிருந்தது.

"ஐயா."

பதில் இல்லை. இயக்குநர் தோளைத் தட்டினார். ஒருங்கிணைப்பாளர் உலுக்கினார். குல்லா நழுவித் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யாரோ உள்ளங்காலில் கிள்ளினார்கள். அசைவே இல்லை. தரையிலிருந்து அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "என்னங்க," என்றாள். மறுபடி, "என்னங்க, இங்க பாருங்க" என்றாள். கேட் லேசாகக் கிரீச்சிட்டாலும் யாரது என்று எழுந்து உட்காருகிற மனுஷன் அவள் குரலுக்கும் அசையவில்லை. அவளுக்கு வலிகூட ஒரு கணம் எங்கோ போய்விட்டது.

டாக்டரம்மா நாடி பார்த்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு இமையை மூடினார்.

"சுயநினைவு இல்ல சார்."

"மயக்க மருந்து இன்னும் கொடுக்கவே இல்லையே" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"அதான் எனக்கும் புரியல. சார் பேச ஆரம்பிக்கும்போது நல்லாத்தான் இருந்தாரு."

இயக்குநர் கேமராவைப் பார்த்தார். அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "இதுல நான் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இருக்கு சார். தலைவருக்கு நினைவில்லைன்னா அடுத்தவங்க தலைவர்னு உங்க விதி சொல்லுது. நீங்களே கண்ணால பார்த்துட்டீங்க. ஒரு கையெழுத்துப் போட்டா, கீழ உட்கார்ந்திருக்கிற இந்தம்மாதான் நோயாளி. ஆபரேஷன் குறிச்ச நேரத்துல நடக்கும். படமும் முழுசா வரும்."

"இந்தம்மாவுக்குக் கல்லு இருக்கா?"

"எங்கிட்ட இருக்கிற ஸ்கேன்ல இருக்கு சார்."

"அப்ப எல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு," என்று இயக்குநர் கையெழுத்துப் போட்டார். வாட்ச்மேனை ஒரு பெஞ்சுக்கு மாற்றினார்கள், அவளைத் தூக்கி வண்டியில் கிடத்தினார்கள். "நம்ம திட்டத்துல ஒரு படுக்கை ஒரு நிமிஷம்கூடக் காலியா இருக்கிறதில்ல" என்று இயக்குநர் கேமராவிடம் சொல்வது அவளுக்குக் கேட்டது. கதவு திறந்தது. அவளுக்கு உள்ளே போக விருப்பமில்லை. "அவருக்கு என்னாச்சு, அவரைப் பாருங்க மொதல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரோ மூக்கின்மேல் ஒரு மூடியை வைத்தார்கள்.

கண் விழித்தபோது வயிற்றில் கட்டு இருந்தது. பழைய வலி இல்லை, வேறு வலி இருந்தது. பக்கத்துக் கட்டிலில் வாட்ச்மேன் விறைத்துக் கிடந்தார். தலைமாட்டில் 'சுயநினைவு இல்லாதவர்' என்று பலகை. அவள் கையை நீட்டினாள், எட்டவில்லை.

சிஸ்டர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் வாட்ச்மேன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "கல்லு பூராவும் எடுத்துட்டாங்களாம்," என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, தையல் விட்டுவிடுமோ என்று பயந்தாள். ஒரே சமயத்தில் அவரைக் கட்டிக்கொள்ளவும் நாலு அறை அறையவும் தோன்றியது. இரண்டுக்கும் உடம்பில் தெம்பில்லை.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று ஒருங்கிணைப்பாளர் வாழ்த்துச் சொல்ல வந்தார். அவள் மெல்லக் கேட்டாள். "சார், இவருக்கு நினைவு திரும்பிட்டா என்ன பண்ணணும்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "நினைவு திரும்பினா தலைமையும் அவருக்கே திரும்பிடும்மா. அப்ப, ஆபரேஷன் பண்ணிக்கிட்டது உடனிருப்பவர்னு ஆயிடும். உடனிருப்பவருக்குப் பண்ணின ஆபரேஷனைத் திருப்பி எடுத்தாகணும்."

"எதை சார் திருப்பி எடுப்பீங்க?"

"அதைக் குழுதான் முடிவு பண்ணும். கல்லுங்களைப் பத்திரமாத்தான் வச்சிருக்கோம்." எழுந்துகொண்டார். "மாசாமாசம் ஆள் வீட்டுக்கு வந்து பாப்பாரு. எனக்கென்னவோ இவருக்கு நினைவு திரும்பாதுன்னுதான் படுது. நீங்க மனசைத் தேத்திக்கணும்."

நினைவில்லாதவர் நடந்து போக விதியில்லை. அவரை ஸ்ட்ரெச்சரில் எடுத்துப் போனார்கள். வார்டு வாசலில் இருந்த காவலாளி எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். ஆம்புலன்ஸில் படுத்திருந்தவருக்கு எதிரே உட்கார்ந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் தையலில் சுருக்கென்றது.

"வலிக்குதா?" என்றார் அவர் உதடு அசையாமல்.

"பேசாதீங்க. உங்களுக்கு நினைவில்ல."

கொஞ்ச தூரம் போனதும் அவள் முன்னால் பார்த்துவிட்டுக் குனிந்தாள். "உங்களுக்கு எப்படிங்க அது வந்துச்சு? கால்ல அந்தக் கிள்ளு கிள்ளினாங்களே. நான் கூப்பிட்டேனே."

"நீ கூப்பிட்டப்பதான் கஷ்டமாப் போச்சு," என்றார். "மத்தபடி ஒண்ணுமில்ல. இத்தனை வருஷம் முழிச்சிருக்கிற மாதிரி நடிச்சே சம்பளம் வாங்கினவன். தூங்குற மாதிரி நடிக்கத் தெரியாதா?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவுக்குள் வண்டி நுழைந்ததும் விட்டுவிட்டாள். ஸ்ட்ரெச்சரைப் பார்த்து அக்கம்பக்கம் கூடிவிட்டது. பாவம், நல்ல மனுஷன், போன வாரம்வரைக்கும் துணி கொண்டுவந்து கொடுத்தாரே என்றார்கள். ஒருத்தி அவளிடம், "அவரை நல்லாப் பார்த்துக்க. உனக்கென்ன, கல்லு மாதிரி இருக்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவர்கள் வாழ்க்கை ஒரு மாதிரி ஓடத் தொடங்கியது. வாட்ச்மேன் இருட்டினதும் பின்பக்கச் சந்து வழியாக வேலைக்குப் போனார், வெளிச்சம் வருவதற்குள் அதே வழியாக வந்தார். பகலில் வாசலில் தலை காட்டுவதில்லை. துணியை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளப் பழகிவிட்டார்கள். ஆசிரியை அவர்கள்மேல் தனிப் பரிவு காட்டினாள். வீட்டு ஜன்னலுக்கு இஸ்திரியக்கா கனமான திரை தைத்துப் போட்டாள். சில சமயம் வாட்ச்மேன் திரையின் ஓரத்தைத் தூக்கித் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பதை அவள் பார்ப்பாள். அப்போது அவர் பின்கழுத்தைப் பார்க்க அவளுக்குப் பொறுக்காது. "இதுக்கு அந்தக் கல்லே இருந்திருக்கலாம்" என்று ஒருநாள் சொன்னாள். "சும்மா இரு" என்றார் அவர்.

திட்டத்தின் ஆய்வாளர் மாதத்தில் ஒரு மதியம் வருவார். வயதான, இரக்கமுள்ள மனிதர். பாயருகே உட்கார்ந்து, வாட்ச்மேனை மூன்று தடவை கூப்பிடுவார். அவர் காதருகே கையைத் தட்டுவார். 'முன்னேற்றம் இல்லை' என்று எழுதிக்கொள்வார். பிறகு அவள் கொடுக்கிற டீயைக் குடித்துக்கொண்டு தன் வீட்டுக் கதையெல்லாம் சொல்வார். அவ்வளவு நேரமும் வாட்ச்மேன் மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தாலும் அசையாமல் கிடக்க வேண்டும். ஆய்வாளர் நல்ல கதைசொல்லி. நடுவில் சிரிப்பு வேறு வரும்.

மழைக்காலத்தில் ஒருமுறை அவர் வந்தபோது வாட்ச்மேனுக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லை. ராத்திரியெல்லாம் நனைந்து நின்றதில் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. முதல் தடவை கூப்பிட்டதுமே அடக்க முடியாமல் இருமிவிட்டார். அவள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பாயருகே வந்து உட்கார்ந்தாள்.

"சார், நினைவில்லாதவங்க இருமலாமா?" என்று கேட்டாள்.

"இருமலாம்மா. பதில்தான் சொல்லக் கூடாது." ஆய்வாளர் வாட்ச்மேனின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். முகம் கவலையாகிவிட்டது. "நெருப்பாக் கொதிக்குது. மூச்சு வேற இழுக்குதே. இதை இப்படியே விடக் கூடாது."

"என்ன சார் பண்றது?"

"என்ன பண்றதா? திட்டம் எதுக்கும்மா இருக்கு?" என்று அவர் அவள் தலையில் கை வைத்து ஆறுதலாகச் சொன்னார். "ரெண்டு மாத்துத்துணி எடுத்து வச்சுக்கங்க. காலையில மொத வேலையா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. உங்களை உடனே அட்மிட் பண்ணிக்கச் சொல்றேன்."